அவன் இல்லாமல் ஓடிய பில்டு

அந்த ஆபீஸில் நாற்பது கம்ப்யூட்டர் இருந்தது. முப்பத்தொன்பதை யார் வேண்டுமானாலும் தொடலாம், அணைக்கலாம், கோபம் வந்தால் தலையில் ஒரு தட்டும் தட்டலாம். நாற்பதாவது அவள் புருஷனின் மேசைக்கு அடியில் இருந்தது. அதை மட்டும் தொடக் கூடாது. பெருக்க வருகிற அம்மாகூட அந்த இடம் வந்தால் துடைப்பத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தாண்டிப் போவாள். ஒரு தடவை அந்த அம்மாவின் கால் பட்டு ப்ளக் கழன்றதற்கு அவன் போட்ட ஆட்டத்தை அந்தத் தளமே எழுந்து நின்று வேடிக்கை பார்த்தது.

அப்படி என்ன அதில் கொட்டிக் கிடக்கிறது என்று கேட்டால், பில்டு அதில்தான் ஓடும். அவர்கள் செய்தது ஆஸ்பத்திரி லேப்களுக்கான மென்பொருள். ரத்தம் பரிசோதிக்கிற மெஷினோடு பேசி, அது சொல்கிற கணக்கை வாங்கி, டாக்டர் பார்க்கிற திரைக்கு அனுப்பும். பத்துப் பன்னிரண்டு பேர் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்து எழுதியதை எல்லாம் ஒன்றாகச் சேர்த்து, ஓடுகிற ஒரே புரோகிராமாக ஆக்குவதற்குப் பேர்தான் பில்டு. மற்ற கம்பெனிகளில் இதற்கென்று பொதுவாக ஒரு மெஷின் வைத்திருப்பார்கள். ஒரு பட்டனை அமுக்கினால் அதுவே எடுத்து, அதுவே சேர்த்து, முடிந்தது என்று எல்லாருக்கும் மெயில் போட்டுவிடும். இங்கே அந்தப் பட்டன் இவன்தான். ஆபீஸே அவனை பில்டு சார் என்று கூப்பிட்டது. அவனும் அந்தப் பேருக்கு ஏற்ற மாதிரி கழுத்தை நிமிர்த்தித்தான் நடப்பான்.

அவளும் அதே ஆபீஸ்தான். ஜன்னலோரம் டெஸ்டிங் பிரிவு. அவன் கட்டிக் கொடுப்பதை வாங்கி, எங்கே ஓட்டை என்று தேடுவது அவள் பிழைப்பு. ஒன்பது வருஷமாக அவன் தருகிற ஒவ்வொரு பில்டிலும் ஓட்டை கண்டுபிடித்தவளுக்கு, தருகிற ஆளிடம் மட்டும் ஒன்றும் கண்ணில் படவில்லை. என்னத்தைச் சொல்ல.

புதுப் புரோகிராமைக் கஸ்டமருக்கு அனுப்புகிற ரிலீஸ் தேதி வந்துவிட்டால் அவனை வீட்டில் எதற்கும் எதிர்பார்க்க முடியாது. மகள் பள்ளிக்கூடம் போன முதல் நாள், வீடு மாறின நாள், மாமனார் கண் ஆபரேஷன், எல்லாவற்றுக்கும் ஒரே பதில்தான். "நான் இல்லன்னா ரிலீஸ் நின்னுடும்." மகள் பிறந்த அன்றும் ரிலீஸ்தான். காலையில் வலி எடுத்ததும் ஆஸ்பத்திரி வாசலில் அவளை இறக்கிவிட்டு, "பதினொரு மணிக்குள்ள வந்துடுறேன்" என்று போனவன் மறுநாள்தான் வந்தான். நடுவில் குழந்தை திரும்பிக்கொண்டது, ஆபரேஷன் என்றார்கள், கையெழுத்துப் போட யார் இருக்கிறது என்று கேட்டார்கள். பேனாவைப் பிடிக்கக்கூட வராத வலியில் அவளே போட்டாள். அப்புறம் அவள் அம்மா, "அவன் அந்தப் பெட்டியைத்தான்டி கல்யாணம் பண்ணியிருக்கான். உன்னை சும்மா வீட்டுல வெச்சிருக்கான்" என்று சொன்னதற்கு, பச்சை உடம்போடு அம்மாவிடம் சண்டைக்குப் போனாள். "அவரு என்னம்மா பண்ணுவாரு? அவரை விட்டா அங்க ஆள் இல்ல." மூன்று மாதம் பெற்றவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. யாருக்காக? இவனுக்காக.

அந்தக் குழந்தைக்கு இப்போது ஏழு வயது. இடது காதுச் சவ்வில் ஓட்டை. சளி பிடித்துச் சளி பிடித்து வந்த வினை. சவ்வு ஒட்டுகிற டாக்டர் மாதத்தில் ஒரே ஒரு வியாழக்கிழமைதான் அந்த ஆஸ்பத்திரிக்கு வருவார். நாலு மாதம் காத்திருந்து தேதி கிடைத்தது. காலண்டரைப் பார்த்தால் அதே வியாழக்கிழமை ரிலீஸ்.

பாப்பாவுக்கு ஆபரேஷனைப் பற்றிப் பயமில்லை. தூங்கவைப்பார்கள் என்று சொன்னதில்தான் பயம். "தூங்குற வரைக்கும் அப்பா கையைப் பிடிச்சுக்கணும். நீ வேணாம். அப்பா." அப்பா என்றால் அவளுக்கு உயிர். எப்போதாவது கிடைக்கிற பண்டமாச்சே.

அவன் தேதியைக் கேட்டதும் உச்சுக் கொட்டினான். "என்ன பண்றது சொல்லு. ஆஸ்பத்திரிக்காரங்க தேதி அவங்க கையில, ரிலீஸ் தேதி கஸ்டமர் கையில. நான் இல்லன்னா நின்னுடும்னு உனக்கே தெரியும்."

"நீங்க இல்லாம ஓடுற மாதிரி பண்ணிட்டா?" என்று கேட்டாள்.

அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பைத்தான் அவள் சம்மதம் என்று எடுத்துக்கொண்டாள்.

மறுநாளே மேனேஜரிடம் போய் நின்றாள். அவருக்கு ஆபீஸில் 'பாத்துக்கலாம்' என்று பேர். தீ பிடித்தது என்று ஓடிப்போய்ச் சொன்னாலும் அவர் வாயில் அதுதான் வரும்.

"சார், எனக்கு மூணு வாரம் குடுங்க. புது மெஷின் ஒண்ணுல பில்டு சிஸ்டம் செட் பண்ணித் தரேன். பட்டனை அமுக்கினா ஓடணும். யாரு வேணா அமுக்கலாம்."

"ரொம்ப நாளா நானும் நினைச்சதுதாம்மா. உங்க வீட்டுக்காரர் ஒத்துப்பாரா?"

"அவருக்காகத்தான் சார் பண்றேன். பாப்பா ஆபரேஷனுக்கு அவரு வரணும்."

"சரி சரி. பாத்துக்கலாம்" என்றார் பாத்துக்கலாம்.

புருஷனும் பெருந்தன்மையாகத்தான் நடந்துகொண்டான். "தாராளமாப் பண்ணு. என் தலைவலி உனக்கு" என்று சொல்லி, பில்டு போட என்னென்ன செய்வான் என்பதை வரிசையாக எழுதிக் கொடுத்தான். மொத்தம் நாற்பத்தொரு வேலை. அச்சடித்த மாதிரி கையெழுத்து. அதை அவள் மேசைத் தடுப்பில் ஒட்டிவைத்துக்கொண்டு அன்றைக்கே ஆரம்பித்தாள்.

காலி மெஷினில் பில்டு போடுவது புது வீட்டில் முதல் நாள் சமைக்கிற மாதிரி. எல்லாம் இருக்கும் என்று கையை நீட்டினால் உப்பு இருக்காது, உப்பு வாங்கி வந்தால் தீப்பெட்டி இருக்காது. மூன்றாவது வேலையிலேயே நின்றது. அதைச் சரிபண்ணினால் எட்டாவதில் நின்றது. பட்டியலில் இல்லாத எத்தனையோ அவன் விரலில் இருந்தது. அதனால் ஒரு நாள் அவன் பில்டு போடும்போது நாற்காலியை இழுத்துப் பின்னாலேயே உட்கார்ந்து பார்த்தாள். நடுவில் வைரஸ் காவலை அணைத்துவிட்டுத் திரும்பப் போட்டான். தேதி எழுதுகிற முறையை மாற்றினான். ஒரு ஃபோல்டரின் பேரில் ஒரு எழுத்தை அழித்துவிட்டு, முடிந்ததும் சேர்த்தான். "இதை எழுதவே இல்லையே" என்று கேட்டால், "அட, இதெல்லாம் நான் பண்றேனா?" என்று அவனே ஆச்சரியப்பட்டான். அவளுக்குச் சிரிப்பு வந்தது. பாவம், இத்தனை வருஷம் ஒரே ஆளாகக் கிடந்து மாரடித்திருக்கிறானே என்று மனசுகூட இளகியது. பாதியில், "ஒரு காபி எடுத்துட்டு வாயேன்" என்றான். எடுத்துக்கொண்டு வந்தபோது முப்பதாவது வேலையில் இருந்தான்.

ஒவ்வொன்றாக அடைத்துக்கொண்டே வந்தாள். ரெண்டாவது வாரம் முடிவதற்குள் புது மெஷின் எல்லாவற்றையும் தாண்டி ஒரே ஒரு இடத்தில் வந்து முட்டிக்கொண்டு நின்றது. இருபத்தேழாவது வேலை. ரத்தப் பரிசோதனை மெஷின் ஒவ்வொன்றும் ஒவ்வொரு குறியில் பேசும். எந்தக் குறிக்கு எந்தப் பரிசோதனை என்று சொல்கிற டேபிள் ஒன்று பில்டுக்கு நடுவில் உண்டாக வேண்டும். அவன் எழுதிக் கொடுத்ததில் இருபத்தேழுக்கு நேரே, 'டேபிள் தயார் ஆகும்' என்று இருந்தது. தயார் ஆகுமாம். வானத்திலிருந்து வந்து விழும்போல.

"எதுங்க அதைத் தயார் பண்ணுது?" என்று சாப்பிடும்போது கேட்டாள்.

"அது பழைய கம்பைலர் பண்ற வேலை" என்றான், தட்டைப் பார்த்துக்கொண்டே. எழுதியதை மெஷினுக்குப் புரிகிற பாஷையில் மாற்றித் தருகிற புரோகிராமைத்தான் கம்பைலர் என்பார்கள். "என் மெஷின்ல இருக்குற வெர்ஷன் இப்ப எங்கயும் கிடைக்காது. அதான் நான் அப்பவே சிரிச்சேன். உன்னால முடிஞ்ச வரைக்கும் பண்ணிட்ட. விடு."

விடுவாளா? நாலு நாள் அந்தப் பழைய கம்பைலரைத் தேடி அலைந்தாள். வேலையை விட்டுப் போனவர்களுக்கெல்லாம் போன் போட்டாள். ஒரு அலமாரியின் அடித்தட்டில், பூஞ்சை பிடித்த உறைக்குள் ஒரு வட்டு கிடைத்தது. அதை ஓடவைக்க ஒரு பழைய டிரைவ் கடன் வாங்கினாள். போட்டுப் பார்த்தாள். இருபத்தேழில் வந்து அதே இடத்தில் நின்றது. பாப்பா தினமும் சாயங்காலம், "பில்டு முடிஞ்சுதா?" என்று கேட்க ஆரம்பித்திருந்தாள். மற்றப் பிள்ளைகள் பொம்மையைப் பற்றிக் கேட்கிற வயசில்.

ஆபரேஷனுக்கு முந்தின சனிக்கிழமை மத்தியானம். ஆபீஸ் காலி. ஏ.சி.யை அணைத்துவிட்டார்கள், கழுத்தில் வேர்வை வழிந்தது. எல்லாரும் எழுதியது எல்லாம் போய்ச் சேருகிற பொது இடம் ஒன்று உண்டு, ரெப்போ என்பார்கள். அதில் இந்த டேபிளின் பேரைப் போட்டு அவள் எத்தனையோ தடவை தேடியாயிற்று. ஒன்றும் இல்லை. ஆனால் இத்தனை நாளும் அவள் தேடியது இப்போது இருப்பதில் மட்டும்தான். ரெப்போவுக்கு ஒரு குணம் உண்டு, எதையும் மறக்காது. ஒன்றை அழித்தால்கூட, அழித்தது யார், எந்தத் தேதி, என்ன காரணம் சொல்லி அழித்தார் என்பதோடு அதையும் பத்திரமாக உள்ளே வைத்திருக்கும். அழித்ததில் தேடவே இல்லையே என்று அப்போதுதான் உறைத்தது. இத்தனை வருஷ டெஸ்டருக்கு இது தோன்ற இவ்வளவு நாளா என்று தன்னையே திட்டிக்கொண்டு தேடினாள்.

உடனே வந்தது. எண்பது வரிதான் இருக்கும், ஸ்கிரிப்ட் என்கிற குட்டிப் புரோகிராம் ஒன்று. அதை ஓட்டினால் டேபிள் உண்டாகும். கம்பைலராவது மண்ணாவது. ஒரு காலத்தில் எல்லாருக்கும் பொதுவாக ரெப்போவில் இருந்திருக்கிறது. பிறகு ஒருவர் அதை நீக்கியிருக்கிறார். காரணம்: 'இனி தேவையில்லை.' நீக்கியவர் பேருக்கு நேரே அவள் புருஷன் பேர்.

தேவையில்லாத ஸ்கிரிப்டை அவன் மெஷின் மட்டும் இன்றுவரை ஓட்டிக்கொண்டிருந்தது.

தேதியைப் பார்த்தாள். பார்த்துவிட்டு விரல் விட்டு எண்ணினாள். பாப்பா பிறப்பதற்குப் பத்தொன்பது நாள் முன்னால்.

அந்தக் காலத்தில் பெரிய கண்ணாடி போட்ட இன்னொரு புரோகிராமர் இருந்தார். அவரும் பில்டு போடுவார். இவன் லீவு என்றால் அவர்தான். அவள் நிறைமாதமாக இருந்தபோது ஒரு நாள் இவன் வீட்டுக்கு வந்து, "கண்ணாடிக்கு இப்பல்லாம் பில்டே வர மாட்டேங்குது. மனுஷன் மண்டையைப் பிச்சுக்குறாரு" என்று விழுந்து விழுந்து சிரித்தது அவளுக்கு ஞாபகம் வந்தது. அவளும்தான் கூடச் சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், குழந்தைக்கு ஏதாவது ஆகிவிடப் போகிறது என்று பயந்து.

கை அது பாட்டுக்கு வேலை செய்தது. ஸ்கிரிப்டை மீட்டு, அதன் இடத்தில் வைத்து, பட்டனை அமுக்கினாள். இருபத்திரண்டு நிமிஷம். கடைசியில், எல்லாம் சரி என்கிற பச்சை திரையில் வந்தது. மூன்று வாரமாக எந்தப் பச்சைக்காகப் பேயாக அலைந்தாளோ அது வந்தது. அவளுக்கு அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை. மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதாள். ஆளில்லாத ஆபீஸ், யாரும் கேட்கப் போவதில்லை என்று வாய்விட்டே அழுதாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மாடியில் துணி காயப்போடும்போது கேட்டாள். பாப்பா கீழே பக்கத்து வீட்டில் விளையாடிக்கொண்டிருந்தாள். அவன் வாளியிலிருந்து எடுத்துப் பிழிந்து கொடுக்க, அவள் கொடியில் போட்டுக்கொண்டிருந்தாள்.

"அந்த டேபிள் ஸ்கிரிப்ட்டை எதுக்கு அழிச்சீங்க?"

அவன் கை நின்றது. அப்புறம் திரும்பப் பிழிந்தது. "எது?"

"எதுன்னு கேக்காதீங்க. தேதியோட பாத்துட்டேன்."

"ஓ, அதுவா. அது பாதுகாப்புக்காக. வெளியாளு யாராவது எடுத்து..."

"பூசி மெழுகாதீங்க. நான் உங்க மேனேஜர் இல்ல."

அவன் தரையைப் பார்த்துச் சொன்னான். "அப்ப ஆளைக் குறைக்கப் போறாங்கன்னு பேச்சு அடிபட்டுச்சு. கண்ணாடியா நானான்னு இருந்துச்சு. நீ மாசமா இருந்த. எனக்கு வேற வழி தெரியல."

அது பொய் இல்லை என்று அவளுக்குத் தெரிந்தது. அந்த வருஷம் பதினோரு பேரை வீட்டுக்கு அனுப்பினார்கள். கண்ணாடியும் போனார். அவள் வயிற்றுப் பிள்ளைக்காக அவர் வயிற்றில் அடித்திருக்கிறான். அது அசிங்கம்தான், ஆனால் புரிகிற அசிங்கம். அதையும் விழுங்கிக்கொள்ள அவள் தயாராகத்தான் இருந்தாள். அதுதான் அவள் கெட்ட குணம்.

"சரி. வேலைக்குப் பயந்து அழிச்சீங்க. பாப்பா பொறந்த அன்னைக்கு ஒரே ஒரு நாள் அதைத் திருப்பி வெச்சிருக்கலாமே? கண்ணாடி பில்டு போட்டிருப்பாரு. நீங்க வந்திருக்கலாம்."

அவன் இன்னொரு துணியை எடுத்துப் பிழிந்தான்.

"கேக்குறேன்ல. நான் பொழைப்பேனான்னு எனக்கே தெரியல அன்னைக்கு. உங்களுக்கு அந்த எண்பது வரியை ஒட்டிவைக்க முடியலயா?"

"எனக்கு ஆஸ்பத்திரின்னா ஆகாது" என்றான். "அங்க வந்து நான் என்ன பண்ணப் போறேன்? டாக்டர் பாக்குறாங்க, நர்ஸ் பாக்குறாங்க. நான் சும்மா செவுத்தோரம் நிக்கணும். எனக்கு அது முடியாது. இங்கயாவது நான் இல்லன்னா ஒண்ணும் நடக்காதுன்னு..."

"ஆமா. நான் மட்டும் அங்க போய்ப் பொழுதுபோக்கிட்டு வந்தேன்" என்றாள்.

பிழிந்த துணி அவன் கையிலேயே இருந்தது. தண்ணீர் சொட்டிக் காலை நனைத்தது. அதைப் பார்க்க அவளுக்குப் பரிதாபமாக இருக்க வேண்டும், இருக்கவில்லை. ஏழு வருஷமாக அம்மாவிடம், அக்காவிடம், பள்ளிக்கூட டீச்சரிடம், கடைசியில் குழந்தையிடம், எத்தனை பேரிடம் இவனுக்காகச் சப்பைக்கட்டு கட்டியிருக்கிறாள் என்று நினைத்தபோது, அவனைவிடத் தன்மேல்தான் எரிச்சலாக வந்தது.

"நான் யாருகிட்டயும் சொல்லப் போறதில்ல" என்றாள். "பில்டு இப்ப ஓடுது. வியாழக்கிழமை உங்களுக்கு அங்க ஒரு வேலையும் கிடையாது. பாப்பா உங்க கையைத்தான் கேக்குறா. செவுத்தோரம் நிக்க வேணாம். கையைப் பிடிச்சுக்கிட்டாப் போதும். வருவீங்களா?"

"வரேன்."

"நிஜமா?"

"வரேன்னு சொல்றேன்ல."

திங்கட்கிழமை மேனேஜர் என்ன ஆயிற்று என்று கேட்டதற்கு, "ஒரு ஃபைல் விட்டுப்போயிருந்துச்சு சார், சேத்துட்டேன்" என்றாள். எட்டாவது வருஷச் சப்பைக்கட்டு.

புதன்கிழமை மத்தியானம் எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினாள். பட்டனை அமுக்க யாராவது வாங்க என்றதும், வரவேற்பில் உட்கார்ந்திருக்கும் பெண்ணைப் பிடித்துத் தள்ளிவிட்டார்கள். அந்தப் பெண்ணுக்கு பில்டு என்றால் என்ன என்றே தெரியாது. வெட்கப்பட்டுக்கொண்டே அமுக்கினாள். இருபத்திரண்டு நிமிஷத்தில் பச்சை வந்தது. எல்லார் செல்போனிலும் மெயில் வந்து விழுகிற சத்தம் கேட்டது. கைதட்டினார்கள். பில்டு சாரும் தட்டினான், எல்லாரும் நிறுத்தின பிறகும் கொஞ்ச நேரம். பாத்துக்கலாம் அவன் தோளில் கை போட்டு, "இனிமே நீங்க ஃப்ரீ பேர்டு சார்" என்றார். ஆபீஸ் பராமரிப்புக்காரர் ஒருவர் வந்து, மேசைக்கு அடியிலிருந்த மெஷினின் ப்ளக்கைப் பிடுங்கி, தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். அது இருந்த இடத்தில் தரை சதுரமாக வெளுத்துக் கிடந்தது. பெருக்குகிற அம்மா அன்றைக்கே அங்கே நன்றாக ரெண்டு இழுப்பு இழுத்துவிட்டுப் போனாள்.

வியாழன் காலையில் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது அவன் சட்டையை மாட்டிக்கொண்டு, "நீங்க முன்னாடி போங்க. நான் ஆபீஸ்ல ஒரு எட்டு எட்டிப் பாத்துட்டு நேரா வந்துடுறேன்" என்றான்.

"எதுக்கு?"

"முதல் ரிலீஸ் இல்லையா. ஓடிடுச்சான்னு பாத்துட்டு வந்துடுறேன். ஒம்பதரைக்கெல்லாம் அங்க இருப்பேன். பத்து மணிக்குத்தான கூட்டிட்டுப் போவாங்க."

பாப்பா செருப்பு மாட்டிக்கொண்டே, "ஒம்பதரை, சரியா?" என்று அவனிடம் விரலை ஆட்டி மிரட்டினாள். அவன் குனிந்து அவள் நெற்றியில் முத்தம் கொடுத்தான். இவள் பையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு நடந்தாள். பேசினால் குழந்தை முன்னால் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி ஏதாவது வந்துவிடும்.

ஒன்பது இருபத்திரண்டுக்கு மெயில் வந்தது. பில்டு முடிந்தது, பிழை ஏதும் இல்லை. ஒன்பதே முக்காலுக்கு பாத்துக்கலாமிடமிருந்து செய்தி: 'ரிலீஸ் போயாச்சு. கஸ்டமர் ஹேப்பி. பாப்பாவை நல்லபடியாப் பாருங்க.' அவள் அதை ரெண்டு தடவை படித்தாள். அந்த நீளமான வராந்தாவில் மாடிப்படியிலிருந்து யார் ஏறி வந்தாலும் பாப்பா நிமிர்ந்து பார்த்தாள். பச்சை நிற ஆஸ்பத்திரி கவுன் அவளுக்குப் பெரிதாக இருந்தது. முடிச்சு அவிழ அவிழ இவள் கட்டிக்கொண்டே இருந்தாள்.

அவன் போன் அடித்தது, எடுக்கவில்லை. மூன்று தடவை போட்டாள். பத்துக்கு அஞ்சு நிமிஷம் இருக்கும்போது ஆபீஸ் நம்பருக்குப் போட்டாள். வரவேற்பில் இருந்த பெண்தான் எடுத்தாள்.

"சார் கிளம்பிட்டாரா?"

"இல்லையே மேடம். சீட்லதான் இருக்காங்க. கூப்பிடட்டுமா?"

"என்ன பண்றாரு?"

அந்தப் பெண் எட்டிப் பார்க்கிற நேரம் கடந்தது. "ஒண்ணும் பண்ணல மேடம். சும்மாதான் உக்காந்திருக்காங்க. கம்ப்யூட்டர்கூட இன்னும் குடுக்கலயே அவங்களுக்கு. காலையில இருந்து அப்படியேதான் இருக்காங்க. போனைக் குடுக்கட்டுமா?"

"வேணாம்மா" என்று வைத்தாள்.

நர்ஸ் வந்து கூப்பிட்டாள். படுக்கையைத் தள்ளிக்கொண்டு போகும்போது பாப்பா, "அப்பா வந்தா உள்ள விடுவாங்களா?" என்று கேட்டாள். கதவு வரைக்கும் அவள் கையை இவள் பிடித்துக்கொண்டு போனாள். அவள் பிடி இறுகவே இல்லை. வேண்டாத கையைப் பிடிப்பது எப்படியிருக்கும் என்று அந்தப் பத்து அடியில் இவளுக்குத் தெரிந்துபோயிற்று. 'தந்தை / தாய்' என்று அச்சிட்ட இடத்தில் கையெழுத்துக் கேட்டார்கள். இந்தத் தடவை பேனா நன்றாகப் பிடிக்க வந்தது.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. சவ்வு நன்றாக ஒட்டியிருக்கிறது, ரெண்டு மாதத்தில் காது கேட்கும் என்றார் டாக்டர். மூன்று மணிக்குப் பாப்பா கண் விழித்தாள். ஆறு பேர் படுத்திருந்த பெரிய வார்டு. தலையைச் சுற்றி ரெண்டு காதையும் மூடி வெள்ளைக் கட்டு. கொஞ்ச நேரம் மின்விசிறியையே பார்த்தாள். அப்புறம் கட்டிலின் அந்தப் பக்கம் பார்த்தாள், இந்தப் பக்கம் பார்த்தாள்.

"அப்பாவுக்கு ஆபீஸ்ல வேலையா?"

ஆமாம் என்று தலையாட்டினால் போதும். வாயைக்கூடத் திறக்க வேண்டியதில்லை. ஏழு வருஷமாகப் பழகிய தலைதான். அந்த வேலையை மூன்று வாரம் உட்கார்ந்து, ஒன்று ஒன்றாக, தன் கையாலேயே இல்லாமல் ஆக்கியிருந்தாள்.

"வேலை இல்ல கண்ணு" என்றாள். "அப்பா வந்திருக்கலாம். வரல."

பாப்பா நெற்றியைச் சுருக்கினாள். கட்டின்மேல் கையை வைத்துப் பார்த்துக்கொண்டாள்.

"கேக்கல. சத்தமாச் சொல்லு."

பக்கத்துக் கட்டில் அம்மா பழம் நறுக்குவதை நிறுத்திவிட்டு இவளைப் பார்த்தாள். நர்ஸும் திரும்பிப் பார்த்தாள். இவள் குழந்தையின் முகத்துக்கு நேரே குனிந்து, அந்த வார்டுக்கே கேட்கிற மாதிரி அதை இன்னொரு தடவை சொன்னாள்.